ஓடையொன்று பிரித்த ஊர்

ஓர் ஊருக்கு ஒரு பெயர், ஒரு சந்தி, ஒரு பள்ளிக்கூடம். இதுவே நாம் அறிந்த வழக்கம். ஆனால் ஐம்பது பேர் மாத்திரமே வாழும் ஒரு சிற்றூர் இரண்டு மாநிலங்களுக்குச் சொந்தமாய் இருப்பதையும், அந்த ஊரின் ஒரு வீட்டுக்கு எழுதும் கடிதத்துக்கு ஓர் இலக்கமும் எதிர்வீட்டுக்கு எழுதும் கடிதத்துக்கு வேறோர் இலக்கமும் இட வேண்டியிருப்பதையும் வாசகர்கள் கேள்விப்பட்டதுண்டா? ஒரு பக்கத்தில் விடுமுறை என்று கதவு சாத்தியிருக்கும் நாளில், கல்லெறி தூரத்தில் மறுபக்கத்தார் வேலைக்குப் புறப்பட்டுச் செல்வர். இரு பக்கத்துக்கும் நடுவே ஓடுவது பேராறன்று. ஒரு சிறுவன் தாண்டிவிடக்கூடிய ஓடை!

இவ்வோடையைத் தாண்டுவது மரண தண்டனைக்கு ஒப்பான குற்றமாய் இருந்த காலமும் ஒன்றுண்டு. அந்தக் கதையைத்தான் இவ்வாரம் சொல்லப்போகின்றோம். ஊரின் பெயர் மெட்லாரொய்த், நாடு ஜேர்மனி.

பெயரும் இடமும்

ஜேர்மனியின் தென்கிழக்கே பரந்து கிடப்பது பவேரியா மாநிலம். அதன் வடகிழக்கு மூலையில் ஹோஃப் என்றொரு நகரம் உண்டு. அந்நகரிலிருந்து வடக்கு நோக்கிச் சில மைல் சென்றால், மேடும் பள்ளமுமான வயல்களும், இடையிடையே ஊசியிலை மரச் சோலைகளும் கண்ணிற் படும். குளிர் மிகுந்த பிரதேசம் அது. அந்த மேடுகளுக்கிடையே, ஒரு தாழ்நிலத்தில், ஓடையின் இருமருங்கும் கிடக்கும் சில பண்ணை வீடுகளும் களஞ்சியங்களும் ஒரு குளமுமே மெட்லாரொய்த்.

ஊர்ப் பெயரின் ஈற்றில் வரும் ‘ரொய்த்’ என்னும் சொல், காடு வெட்டித் திருத்திய நிலத்தைக் குறிப்பது. இசைவிழாவினால் உலகப் புகழ் பெற்ற பைரொய்த் நகரின் பெயரிலும் இதே ஈறு உண்டு. மரத்தை வெட்டி, வேரைக் கிளப்பி, கல்லைப் பொறுக்கி, தமக்கும் தம் பிள்ளைகளுக்கும் ஒரு பிடி நிலம் தேடிக்கொண்ட குடியானவர்களின் உழைப்பு அந்தப் பெயரிலே நிலைத்திருக்கின்றது.

ஓடைக்குத் தன்பாக் என்று பெயர். ‘பாக்’ என்றால் ஜேர்மன் மொழியில் ஓடை. நம் கதைக்கு நாயகனும் அதுதான். பழி சுமந்ததும் அதுதான்.

அரசர் நட்ட கல்

இற்றைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஜேர்மனி என்று ஒரே நாடு இருக்கவில்லை. சிறிதும் பெரிதுமான பல இராச்சியங்களும் சிற்றரசுகளும் அங்கே நிறைந்திருந்தன. பிரெஞ்சுச் சக்கரவர்த்தி நெப்போலியன் அந்நாடுகளின் எல்லைகளைத் தன் விருப்பம்போல் மாற்றியமைத்தான். அவனது ஆதரவினால் 1806ஆம் ஆண்டு பவேரியா முடியரசாயிற்று. 1810ஆம் ஆண்டு பைரொய்த் பிரதேசமும் பவேரிய மன்னன் கைக்கு வந்தது. அவ்வாண்டிலே புதிய எல்லையைக் குறிக்கக் கற்கள் நடப்பட்டன. தன்பாக் ஓடையே எல்லையாயிற்று. ஓடைக்கு ஒரு புறம் பவேரிய இராச்சியம்; மறுபுறம் ரொய்ஸ் என்னும் சிற்றரசு.

இந்த ரொய்ஸ் அரச குடும்பத்தைப் பற்றி மாணவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளலாம். அக்குடும்பத்திற் பிறக்கும் ஆண்பிள்ளைகள் யாவருக்கும் ஹைன்றிக் என்றே பெயர்! ஒருவரை மற்றவரினின்றும் பிரித்தறிய எண்களே துணை. சிங்காசனம் ஏறியவருக்கு மட்டுமன்றிப் பிறந்த ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் எண் வழங்கப்பட்டமையால், 72ஆம் ஹைன்றிக் என்று ஓர் அரசர் இருந்தார். 1848ஆம் ஆண்டுவரை அவர் ஒரு சிறு பகுதியை ஆண்டார். வரலாற்றுப் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் பாடு எவ்வாறிருந்திருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

எல்லைக் கற்களின் ஒரு முகத்தில் பவேரிய இராச்சியத்தின் முதலெழுத்துகளும் மறுமுகத்தில் ரொய்ஸ் சிற்றரசின் முதலெழுத்துகளும் பொறிக்கப்பட்டன. ஊரவர் அவற்றைப் பார்த்தனர். பின்னர் தத்தம் வேலையைப் பார்க்கச் சென்றனர். கல் நட்டவர் அரசர். ஆயின் நிலத்தை உழுதவர் குடியானவர் அன்றோ!

இரு அரசு, ஒரு வாழ்வு

நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கோடு எவருடைய உறக்கத்தையும் கெடுக்கவில்லை. வரி கட்டும் இடம் வேறு; வழக்குத் தீர்க்கும் இடம் வேறு. மற்றப்படி அஃது ஒரே ஊராகவே இருந்தது. பள்ளிக்கூடமும் மதுச்சாலையும் ரொய்ஸ் பக்கத்தில் இருந்தன. பவேரியப் பிள்ளைகள் ஓடையைக் கடந்து அங்கே படிக்கச் சென்றனர். ஞாயிற்றுக்கிழமையில் இரு பக்கத்தாரும் பவேரியப் பக்கத்திலுள்ள தேப்பன் என்னும் ஊரின் தேவாலயத்துக்குச் சேர்ந்து சென்றனர். படிப்பு ஓர் அரசில். வழிபாடு மற்றோர் அரசில். பெண் கொடுத்தலும் எடுத்தலும் ஓடையைக் கடந்தே நடந்தன. ஒரு பக்கத்தில் வீடும் மறுபக்கத்தில் வயலும் உடையவர்கள் இருந்தனர்.

முதலாம் உலகப் போரின் முடிவில், 1918ஆம் ஆண்டு, ஜேர்மன் முடியரசுகள் யாவும் வீழ்ந்தன. 1920ஆம் ஆண்டு ரொய்ஸ் உட்பட அயலிலிருந்த சிற்றரசுகள் ஒன்றுசேர்ந்து தூரிங்கியா என்னும் மாநிலமாயின. ஆகவே மெட்லாரொய்த்தின் ஒரு பாதி பவேரியாவிலும் மறுபாதி தூரிங்கியாவிலும் இருந்தன. அரசர்கள் போயினர், கற்கள் மட்டும் நின்றன. அதனாலும் தீங்கு விளையவில்லை. ஒரே தேசத்துக்குள் இரு மாநிலங்கள், அவ்வளவே.

தீங்கு வந்தது வேறொரு திசையிலிருந்து.

இலண்டனிற் கீறிய கோடு

இரண்டாம் உலகப் போர் முடிவதற்கு முன்னரே, தோற்கப்போகும் ஜேர்மனியை எவ்வாறு பங்கிட்டு நிர்வகிப்பது என்று நேச நாடுகள் ஆலோசித்தன. 1944ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலண்டனில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. புதிய கோடுகளைக் கீறுவதற்கு எவருக்கும் நேரமில்லை. பழைய மாநில எல்லைகளும் மாகாண எல்லைகளுமே பங்கீட்டு எல்லைகளாகக் கொள்ளப்பட்டன. தூரிங்கியா சோவியத் பகுதிக்கும் பவேரியா அமெரிக்கப் பகுதிக்கும் உரியவை என்று தீர்மானமாயிற்று.

தேசப்படத்தில் விரலை வைத்துக் கோட்டைத் தடவிச் சென்ற கனவான்களுக்கு, அந்தக் கோடு ஒரு சிற்றூரின் நடுவே, பிள்ளைகள் தினமும் தாண்டிச் செல்லும் ஓர் ஓடை வழியே போகின்றதென்பது தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருந்தாலும் மாற்றியிருப்பார்களா என்பது ஐயமே. எங்கோ ஒரு மேசையிற் கீறப்படும் கோடு எவரெவர் வாசலை ஊடறுத்துச் செல்லுமென்பதைக் கீறுபவர் அறிவதில்லை. வாசலில் வசிப்பவரே அறிவர்.

1945ஆம் ஆண்டு ஏப்பிரலில் அமெரிக்கப் படையே தூரிங்கியாவையும் கைப்பற்றிற்று. ஒப்பந்தத்தின்படி யூலையில் அது பின்வாங்க, சோவியத் படை அங்கே வந்தது. 1949ஆம் ஆண்டு மே மாதத்தில் மேற்கே ஜேர்மன் சமஷ்டிக் குடியரசும், ஒக்டோபரில் கிழக்கே ஜேர்மன் ஜனநாயகக் குடியரசும் பிறந்தன. அந்தச் சிற்றோடை இரு தேசங்களின் எல்லையாயிற்று. அதுவும் சாதாரண தேசங்களா? இரண்டு வல்லரசுகளின் நிழலில், ஒன்றையொன்று ஐயக்கண்கொண்டு நோக்கி நின்ற தேசங்கள்!

எனினும் முதற் சில ஆண்டுகளில் அனுமதிச் சீட்டுடன் ஓடையைக் கடக்க முடிந்தது. “எல்லாம் சில காலம், பின்னர் சரியாகிவிடும்” என்றுதான் எவரும் எண்ணியிருப்பர். ஊர்கள் அவ்வாறே எண்ணுவது வழக்கம்.

வேலி வந்தது

1952ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் திகதி. கிழக்கு ஜேர்மன் அரசு தன் மேற்கெல்லை முழுவதையும் அடைக்கக் கட்டளை பிறப்பித்தது. எல்லைக் கோட்டை அடுத்துப் பத்து மீற்றர் அகலத்துக்கு மரஞ்செடிகள் நீக்கப்பட்டு நிலம் உழுது சீர்செய்யப்பட்டது. பயிரிடுவதற்கன்று! எவராயினும் கடந்து சென்றால் காலடி பதியட்டும் என்பதற்காக. அதற்கப்பால் ஐந்நூறு மீற்றர் வரை காவல் வலயம். அதற்கப்பால் ஐந்து கிலோமீற்றர் வரை தடை வலயம். அவ்வலயத்தில் வசிப்பவருக்குத் தனி முத்திரை; வெளியூரிலிருந்து வருபவருக்குத் தனி அனுமதி.

மெட்லாரொய்த்தின் கிழக்குப் பாதி முற்றிலும் காவல் வலயத்துள் அடங்கிற்று. ஊரின் நடுவே பலகை வேலி எழுந்தது. அத்துடன் அது நின்றுவிடவில்லை. “நம்பத்தகாதவர்” என்று அதிகாரிகள் கருதிய குடும்பங்கள், எல்லையோரக் கிராமங்கள் எங்கும், சில மணி நேர அவகாசத்தில் வீட்டையும் வயலையும் மாட்டையும் விட்டு நாட்டின் உட்பகுதிக்கு ஏற்றிச்செல்லப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் இவ்வாறு பெயர்க்கப்பட்டனர். அந்த நடவடிக்கைக்கு அதிகாரிகள் தமக்குள் இட்டுக்கொண்ட இரகசியப் பெயர் யாது தெரியுமா? ‘பூச்சி புழு’ என்னும் பொருள்படும் சொல். தம் சொந்தக் குடிகளை அவ்வாறு அழைக்கத் துணிந்தபின், அவர்களை வீட்டை விட்டுத் துரத்துவது எளிதாகிவிடுகின்றது. 1961ஆம் ஆண்டு ஒக்டோபரிலும் இத்தகைய பெயர்ப்பு இரண்டாம் முறை நடந்தது.

எஞ்சியோர் தங்கினர். ஏன் தங்கினர் என்று கேட்பது எளிது. தாத்தா வெட்டித் திருத்திய நிலத்தை விட்டு எங்கே செல்வது?

மதில் எழுந்தது

1961ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் திகதி பேர்லின் நகரிடையே மதில் எழத் தொடங்கியதை உலகம் அறியும். அதன் பின்னர் எல்லை முழுவதும் காவல் இறுகிற்று. 1966ஆம் ஆண்டு மெட்லாரொய்த்தில், பலகை வேலி நின்ற இடத்தில், கொங்கிறீற்று மதில் எழுந்தது. நீளம் ஏறக்குறைய 700 மீற்றர்; உயரம் 3.3 மீற்றர். ஐம்பது பேர் வாழும் ஊருக்கு இத்தனை பெரிய மதில்! மதிலுக்குப் பின்னே கம்பி வேலி, காவற்கோபுரம், இரவைப் பகலாக்கும் விளக்குகள்.

மேற்கே காவலிருந்த அமெரிக்கப் போர்வீரர் இவ்வூருக்குச் ‘சின்ன பேர்லின்’ என்று பெயர் வைத்தனர். பெயர் நிலைத்துவிட்டது. பேரூந்துகளில் மக்கள் வந்து, மேற்குப் பக்கத்து மேட்டில் நின்று மதிலைப் பார்த்துச் சென்றனர். 1983ஆம் ஆண்டு அமெரிக்க உப ஜனாதிபதியாயிருந்த ஜோர்ஜ் புஷ் வந்து பார்த்தார். உலகப் படத்தில் முன்னர் எவர் கண்ணிலும் படாத ஒரு சிற்றூர் அதன் துன்பத்தினாலே பிரசித்தி பெற்றது.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மதில் எல்லைக் கோட்டின்மேல் நிற்கவில்லை. அது சற்று உள்ளே, கிழக்கு நிலத்தில் நின்றது. ஓடையிலேதான் எல்லை. ஆகவே மேற்குப் பக்கத்தார் ஓடைக்கரை வரை வரலாம். அப்பால் ஓரடி எடுத்து வைத்தால் வேறு நாடு. பிள்ளை எறிந்த பந்து ஓடையைத் தாண்டி விழுந்தால், அது அந்நிய தேசத்தில் விழுந்த பந்து.

கையசைத்தலும் குற்றம்

மதிலின் கொடுமை அதன் உயரத்தில் மட்டும் இருக்கவில்லை. கிழக்குப் பக்கத்தில் வாழ்ந்தோர் மேற்குப் பக்கத்தாரைப் பார்த்துக் கையசைத்தலும் வணக்கஞ் சொல்லுதலும் தடைசெய்யப்பட்டிருந்தன. மேட்டு நிலத்திலிருந்து பார்த்தால் எதிர்ப்பக்கத்து முற்றம் தெரியும். அக்காள் துணி உலர்த்துவது தெரியும். அண்ணன் வண்டி கட்டுவது தெரியும். மேற்கிலிருந்து ஒருவர் கையசைக்கலாம். கிழக்கிலிருந்து பதில் வராது. பார்த்தும் பாராதவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டினுள்ளே செல்ல வேண்டும். சிறைச்சாலையிலும் உறவினரைப் பார்த்துப் பேச நேரம் ஒதுக்குவார்கள். இங்கே கண்ணெதிரே இருக்கும் உறவினரைக் காணாதவராய் நடிக்க வேண்டியிருந்தது.

கிழக்குப் பக்கத்தில் ஒரு திருமண வீடோ மரண வீடோ நேர்ந்தால், அயலூர் உறவினரும் முன்கூட்டியே அனுமதி பெற்றாலன்றி வர முடியாது. இரவில் வெளியே நடமாடலுக்கும் கட்டுப்பாடு. வயலிற் சென்று வேலை செய்வதும் காவலரின் கண்பார்வையிலேயே.

1972ஆம் ஆண்டின் முடிவில் இரு ஜேர்மனிகளும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 1973ஆம் ஆண்டு முதல், எல்லையோர மாவட்டங்களில் வசித்த மேற்கு ஜேர்மனியர் கிழக்குப் பக்கத்து எல்லையோர மாவட்டங்களுக்குச் சென்றுவர அனுமதி பெற்றனர். மெட்லாரொய்த்தின் மேற்குப் பாதியாரும் செல்லலாம். எங்கே? தொலைவிலுள்ள சோதனைச் சாவடி வழியே சுற்றிச் சென்று, கிழக்கின் வேறு ஊர்களுக்கு. எதிர்வீட்டுக்கு மட்டும் செல்ல முடியாது. ஏனெனில் எதிர்வீடு தடை வலயத்தினுள்ளே இருந்தது! உறவினரைக் காண வேண்டின், இருவரும் தத்தம் வாசலை விட்டுப் புறப்பட்டு, அந்நியமான மூன்றாம் ஊரொன்றிற் சந்திக்க வேண்டும்.

ஏணியும் பலூனும்

இத்தனை காவலையும் மீறிச் சென்றவர் எவருமில்லையா? மெட்லாரொய்த்திலே 1973ஆம் ஆண்டு ஒருவர் தம் வாகனத்தை மதிலருகே கொண்டுவந்து நிறுத்தி, ஏணி ஒன்றின் துணையால் மதிலைக் கடந்து மேற்கே குதித்துவிட்டார். கோடிக்கணக்கிற் பணஞ் செலவிட்டு எழுப்பிய காவலை, வீட்டில் மாங்காய் பறிக்க உதவும் ஒரு சாதனம் வென்றது.

அயற் பிரதேசத்தில் நடந்த மற்றொரு சம்பவம் இன்னும் வியப்புக்குரியது. 1979ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆம் திகதி அதிகாலையில் இரண்டு குடும்பத்தார், பெரியோர் நால்வரும் பிள்ளைகள் நால்வருமாக எண்மர், தாமே இரகசியமாகத் துணி வாங்கித் தைத்த வெப்பக்காற்றுப் பலூனில் தூரிங்கியாவிலிருந்து புறப்பட்டனர். 28 நிமிடம் இருளிற் பறந்து, ஹோஃப் நகருக்குச் சமீபமான நைலா என்னும் ஊரருகே இறங்கினர். தாம் இறங்கியது எந்த நாடு என்பதே அவர்களுக்கு முதலில் தெரியவில்லை. துணியை ஒரே கடையில் வாங்கினால் ஐயம் எழும் என்று பல ஊர்களில் சிறிது சிறிதாக வாங்கிச் சேர்த்தனராம். தையல் இயந்திரமும் ஒரு மதிலை வெல்லும் ஆயுதமாகலாம் என்பதை அவர்கள் காட்டினர்.

ஆயின் எல்லோருக்கும் அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. ஏறக்குறைய 1,400 கிலோமீற்றர் நீண்ட அவ்வெல்லையிலும் பேர்லின் மதிலிலும் உயிரிழந்தோர் பலர்.

இங்கே நம்மவர்க்கும் இவ்வெல்லைக்கும் உள்ள ஒரு தொடர்பைக் குறிப்பிடுதல் பொருந்தும். 1980களின் முற்பகுதியில் இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடிப் புறப்பட்ட தமிழர் பலர், கிழக்குப் பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்தே மேற்குப் பேர்லினுக்குட் சென்றனர். தன் சொந்தக் குடிகளை ஓரடி நகர விடாத அரசு, அயல் நாட்டவரைக் கடந்து செல்ல விட்டது! 1985ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், மேற்கு ஜேர்மன் அரசின் வேண்டுகோளின்படி, அவ்வழியும் இலங்கைத் தமிழருக்கு அடைக்கப்பட்டது. மதிலென்பது யாருக்குத் திறக்கும், யாருக்கு மூடும் என்பதை மதிலின் சொந்தக்காரரே தீர்மானிக்கின்றனர். நம் குடும்பங்கள் பலவற்றில் மூத்தோர் எவரேனும் இக்கதையை நேரிலே சொல்லக்கூடும். பிள்ளைகள் கேட்டுப் பார்க்கலாம்.

மதில் திறந்த நாள்

1989ஆம் ஆண்டு பிறந்தபோது, அதுவே மதிலின் கடைசி ஆண்டு என்று சொல்லியிருந்தால் எவரும் நம்பியிரார். அவ்வாண்டு ஒக்டோபர் முதலாம் திகதி, பிராக் நகர மேற்கு ஜேர்மன் தூதரகத்திற் புகலடைந்திருந்த கிழக்கு ஜேர்மனியரை ஏற்றிய புகையிரதங்கள், நம் மெட்லாரொய்த்துக்கு அண்மையிலுள்ள ஹோஃப் நிலையத்தில் வந்து நின்றன. நவம்பர் 9ஆம் திகதி இரவு பேர்லின் மதில் திறந்தது. பேர்லினில் மக்கள் மதில்மேல் ஏறி நின்று பாடினர். உலகம் முழுவதும் அக்காட்சியைக் கண்டது.

சின்ன பேர்லினிலோ மதில் அசையவில்லை! கடவை எதுவும் அங்கே இருந்ததில்லை. ஆகவே திறப்பதற்கு ஒரு வாயிலும் இல்லை. மக்கள் எல்லையைச் சுற்றிக் கடக்கலாம். ஆனால் எதிர்வீட்டுக்கு நேரே செல்ல முடியவில்லை. இரு பக்கத்தாரும் மெழுகுதிரி ஏந்தி நின்று, தமக்கும் ஒரு வழி விடுமாறு கேட்டனர். ஒரு மாதம் கழிந்து, டிசெம்பர் 9ஆம் திகதி, மதிலில் ஒரு திறப்பு உண்டாக்கப்பட்டது. நடந்து செல்வோருக்கு மட்டும் உரிய சிறு வழி அது. 37 ஆண்டுகளுக்குப் பின்னர் ஊரவர் ஊரவர் வீட்டுக்குச் சென்றனர்.

ஓடையைத் தாண்டிய குழந்தைகள் அதற்குள் நரைத்த முதியோராகிவிட்டனர். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தோர் ஒருவரை ஒருவர் அடையாளம் காணச் சற்று நேரமாகியிருக்கும். கைகுலுக்க வேண்டிய கைகள் சில மண்ணுக்குள் போயிருந்தன.

1990ஆம் ஆண்டு யூன் 17ஆம் திகதி இயந்திரம் வந்து மதிலை இடித்தது. அந்தத் திகதிக்கும் ஒரு பொருள் உண்டு. 1953ஆம் ஆண்டு அதே நாளிலேதான் கிழக்கு ஜேர்மன் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். அந்த எழுச்சி சோவியத் கவச வாகனங்களால் நசுக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆம் திகதி இரு ஜேர்மனிகளும் ஒன்றாயின.

மதில் முழுவதையும் இடித்துவிடவில்லை. ஏறக்குறைய 100 மீற்றர் நீளமான பகுதியையும் காவற்கோபுரத்தையும் விட்டுவைத்தனர். இன்று அது ஓர் அரும்பொருட்சாலையின் பகுதி. மாணவர்கள் கூட்டங்கூட்டமாக வந்து அதனைப் பார்க்கின்றனர். கண்ணில் உறுத்திய ஒன்றை முற்றாக அகற்றிவிடவே மனிதர் விரும்புவர். எனினும், தாமடைந்த துன்பத்தின் ஒரு துண்டைப் பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும் என்று விட்டுவைத்தது பெரிய மனத்தின் செயல்.

காவல் நிலம் பசுமை நிலமானது

ஒரு வியப்பான ஒற்றுமையையும் இங்கே சொல்ல வேண்டும். மெட்லாரொய்த்தில் மதில் திறந்த அதே 1989ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆம் திகதி, ஹோஃப் நகரில் கிழக்கிலும் மேற்கிலுமிருந்து இயற்கைப் பாதுகாவலர் ஏறக்குறைய 400 பேர் கூடினர். எல்லையோரத்தில் மனிதர் கால்படாது கிடந்த அந்த நீண்ட நிலத்தில், மற்ற இடங்களில் அருகிப்போன பறவைகளும் செடிகளும் பெருகியிருந்தமையை அவர்கள் அறிந்திருந்தனர். மதில் போனபின் அந்நிலத்தை உழுதும் கட்டியும் அழித்துவிடாது காக்க வேண்டுமென்று தீர்மானித்தனர். ‘பசுமைப் பட்டி’ என வழங்கும் அம்முயற்சியின் பயனாக, முன்னாள் எல்லையின் பெரும்பகுதி இன்று பறவைகளுக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் புகலிடமாய் இருக்கின்றது. மனிதர் மனிதருக்கு அஞ்சி விட்ட நிலத்திற் குருவி அஞ்சாமற் கூடு கட்டிற்று.

இன்றைய ஊர்

மதில் போயிற்று. கோடு போயிற்றா? இல்லை! ஒன்றுபட்ட ஜேர்மனியிலும் பவேரியா பவேரியாவே, தூரிங்கியா தூரிங்கியாவே. 1810ஆம் ஆண்டின் ஓடை இன்றும் மாநில எல்லை. மேற்குப் பாதி தேப்பன் கிராமசபைக்குள்ளும் கிழக்குப் பாதி கெவெல் என்னும் சிறு நகரின் நிர்வாகத்துக்குள்ளும் அடங்கும். ஊருக்கு இரண்டு நகரபிதாக்கள். இரண்டு அஞ்சல் இலக்கங்கள். இரண்டு தொலைபேசி இலக்க வரிசைகள். மோட்டார் வண்டிகளுக்கு இரு வேறு எழுத்துக்கள்.

ஒக்டோபர் 31ஆம் திகதி, மார்ட்டின் லூதரின் சீர்திருத்தத்தை நினைவுகூரும் நாள், தூரிங்கியாவில் விடுமுறை. பவேரியாவில் வேலை நாள். மறுநாள் நவம்பர் முதலாம் திகதி, சகல பரிசுத்தவான்களின் திருநாள், பவேரியாவில் விடுமுறை; தூரிங்கியாவில் வேலை நாள். அடுத்தடுத்த இரு நாள்களில் ஓடையின் ஒருகரை ஓய்ந்திருக்க மறுகரை உழைக்கும். வணக்கஞ் சொல்லும் முறையுங்கூட வேறு. மேற்குப் பக்கத்தார் கடவுளின் பெயரைச் சேர்த்து வணக்கஞ் சொல்வர். கிழக்குப் பக்கத்தார் “நல்ல நாள்” என்பர்.

ஆயினும் இன்று இவ்வேறுபாடுகள் ஊரவர் வேடிக்கையாகப் பேசி மகிழும் விஷயங்களே. வேறுபாடு இருப்பதனாலே துன்பம் வருவதில்லை. 1810 முதல் 1945 வரை வேறுபாடு இருந்தது; பகை இருக்கவில்லை. 1952 முதல் 1989 வரை ஓடையும் அதேதான். மக்களும் அதே மக்கள்தான். மாறியது ஒன்றே. வேறுபாட்டின்மீது அச்சம் ஏறி உட்கார்ந்தது. அச்சம் துப்பாக்கியைத் தோளிற் சுமந்தது. கோட்டுக்குக் காவல் வைத்ததும் அது மதிலாயிற்று. காவலை எடுத்ததும் மறுபடியும் ஓடையாயிற்று.

இன்று மெட்லாரொய்த்துக்குச் செல்பவர் முதலிற் காண்பது வெள்ளை மதிலின் எஞ்சிய துண்டை. அதனைப் பார்த்து அதிசயித்து நிற்பர். சற்றுக் கீழே குனிந்து பார்ப்போர் மட்டுமே தன்பாக் ஓடையைக் காண்பர். கல் நட்ட மன்னரையும், கோடு கீறிய கனவான்களையும், மதில் எழுப்பிய அதிகாரிகளையும் அது கண்டது. இரு கரைக்கும் ஒரே நீரைக் கொடுத்துக்கொண்டு, எந்தப் பக்கத்துக்கும் உரிமை கோராது, இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றது.